அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு ஒரு வழியாக முடிந்தது. மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்துவிட்டோம். குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் கோ-கோ அணி இரண்டாம் இடம். பத்தாம் வகுப்பு மாலை வகுப்புகளும் நன்றாகவே போகின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், குழந்தைகள் தினப் பேச்சுப் போட்டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அன்று மூன்று பிள்ளைகள் ஒரே பேச்சோடு வந்தார்கள். அதே தொடக்கம், அதே உவமை, அதே இடத்தில் கையைத் தூக்குவது. யூடியூபில் பார்த்து எழுதிக் கொடுத்தது என்று அப்புறம் தெரிந்தது. மூன்றாவது பிள்ளை, தன் பேச்சை இரண்டு பேர் பேசி முடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடை ஏறியதும் வாயே திறக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதியில் நின்றான். உடனே ஜன்னலிலிருந்து அம்மா அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். எதிரே அப்பா செல்போனில் படம் பிடித்துக்கொண்டே "பேசு, பேசு" என்று கையைக் காட்டுகிறார். பிள்ளை யாரைப் பார்ப்பான்? அழுதுகொண்டே இறங்கிவிட்டான்.

உங்கள் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் நீங்கள். "கிராமத்துப் பிள்ளை சார், மனப்பாடம் பண்ணாம எப்படிப் பேசும்?" என்று ஒருவர் கேட்டார். ஆங்கிலப் பேச்சால் வெளிநாட்டிலும் பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரியார் 1869இல் பிறந்தது நம் வலங்கைமானில்தான். (அவரும் ஒரு காலத்தில் தலைமையாசிரியர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

சாஸ்திரியார் வரை போக வேண்டாம். போட்டியில் 'நீர் மேலாண்மை' பற்றிப் பேச வந்து இரண்டாம் வரியிலேயே திணறிய ஒன்பதாம் வகுப்புப் பையன், மறுவாரம் பள்ளிக்குத் தாமதமாக வந்தான். ஏன் என்று கேட்டேன். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது, சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கிறது, ராத்திரி அப்பாவோடு டார்ச் அடித்துக்கொண்டு போனோம் என்று ஆரம்பித்தான். வரப்பை வெட்டினால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகும், வெட்டாவிட்டால் நம் பயிர் அழுகும் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தினான். வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம், கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. அவன் பேசியதும் நீர் மேலாண்மைதானே!

அதனால் ஜனவரி 26 விழாவுக்குச் சில விஷயங்களைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். போட்டி நடக்கும்போது பெற்றோர் யாரும் ஜன்னலிலோ மேடை அருகிலோ நிற்கக் கூடாது. செல்போன் வெளியே எடுக்கக் கூடாது. மீறினால், யார் வீட்டுப் பிள்ளை பேசிக்கொண்டிருந்தாலும் போட்டியை நிறுத்திவிடுவேன். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பேச்சுக்கு இனி மேடை கிடையாது.

கொஞ்சம் காரமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 'எங்கள் தெருவில் நான் பார்த்தது' என்பதுதான் தலைப்பு. என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். சொல்லும்போது நடுவில் திருத்தாதீர்கள், முழுசாக முடிக்கட்டும். சொன்னதிலிருந்து மூன்று செய்தியை அவனே ஒரு சின்ன அட்டையில் குறித்துக்கொள்ளட்டும், ஒன்றுக்கு இரண்டு வார்த்தை போதும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கலாம், ஏனென்றால் பதற்றம் அந்த இரண்டு இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். நின்றுகொண்டு பேசிப் பழக வேண்டும். உட்கார்ந்து முணுமுணுத்தால் மேடையில் மூச்சு வாங்கும். படித்துறையில் நின்று, அக்கரையில் துவைப்பவருக்குக் கேட்கிற மாதிரி பேசச் சொல்லுங்கள். மறந்துபோனால் "மன்னிக்கவும்" வேண்டாம், ஒரு மூச்சு விட்டு அடுத்த செய்திக்குப் போகட்டும். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் தமிழய்யாவைப் பார்க்கவும். அன்று ஜன்னலில் நின்ற அம்மா மறுநாளே வந்து என்னிடம் மனம்விட்டுப் பேசினார். அவருக்கு என் நன்றி. மைக் செட்டை வாடகை வாங்காமல் கொடுத்த பெற்றோருக்கும் நன்றி. இந்த முறையும் அவரைத்தான் நம்பியிருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்