‘கவுன்சலிங் தேவையில்லை’ என்று எழுதியவர்களுக்கு

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் வேறு ஏதோ தேடி என் மகனுடைய ஃபைலைப் புரட்டினேன். நடுவில் ஒரு வரி: ‘குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது. கவுன்சலிங் தேவையில்லை.’ கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்து நேரத்துக்கு வருகிறது, நர்ஸ் அம்மாக்கள் தங்கமானவர்கள். என் வழக்கெல்லாம் அந்த ஒரு வரியோடுதான்.

அது எப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்று அவனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்தார்கள். தலையைத் தூக்கக் கூடாது என்பதால் கண்ணை மூடிப் படுத்திருந்தான், தூங்கவில்லை. ஒருவர் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வந்து, நின்றபடியே என் மனைவியிடம் ஒவ்வொன்றாக வாசித்தார். தூக்கம் வருகிறதா? அடிக்கடி அழுகை வருகிறதா? குழந்தை பிழைக்காது என்ற பயம் இருக்கிறதா? மனக்கஷ்டம் 0 முதல் 10 வரை எவ்வளவு, ஒரு எண்ணை வட்டமிடுங்கள். அவள் 0-வை வட்டமிட்டாள்.

வேறு என்ன செய்வாள்? மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். என் அம்மா பக்கத்தில் நிற்கிறார். கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று நம்பி வளர்ந்தவள் அவள். பத்து என்று போட்டால், ‘இந்த அம்மாவால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது’ என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அன்று ராத்திரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள். “அம்மா குளிக்கலப்பா. சும்மா தண்ணிய விட்டிருக்காங்க. நீங்க போய்ப் பாருங்க” என்று மகன்தான் என்னை எழுப்பினான்.

ஆக, அந்தப் படிவத்தில் பதிவானது எங்கள் மனநிலை இல்லை, எங்கள் நாகரிகம். நல்லபடியாகப் பதில் சொல்கிற குடும்பத்துக்கு உதவி கிடையாது என்பது என்ன ஏற்பாடு, ஐயா?

நாங்கள் கேட்பது இதுதான். நோய் உறுதியான நாளிலிருந்தே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் மொழியைப் பேசுகிற, அதன் நம்பிக்கைகளைக் கேட்டு முகம் சுளிக்காத, பயிற்சி பெற்ற ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். மாதத்துக்கு ஒரு புதுமுகம் வேண்டாம். ஒரே ஆள், கடைசி வரை.

இது ஏதோ நாங்களாகக் கண்டுபிடித்துக் கேட்கும் சலுகை இல்லை. புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் தர வேண்டிய உளவியல் உதவிக்கென்று 2015-லேயே 15 தரநிலைகளை வல்லுநர்கள் வகுத்துவிட்டார்கள். மனநிலையை ஒருமுறை கேட்டு முடிக்காமல் தொடர்ந்து பார்க்க வேண்டும், உடன்பிறந்தவர்களைக் கவனிக்க வேண்டும், பிள்ளையை இழந்த குடும்பத்தை அதற்குப் பிறகும் விட்டுவிடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் மகனுக்கு வந்திருக்கும் வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை ஓடுகிறது. அதில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் என் மகன் வேறு பிள்ளையாகிவிடுவான். கையில் கிடைத்ததை எறிவான், காரணமில்லாமல் அழுவான். அது மருந்தின் வேலை என்று யாரும் எங்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, என் மனைவி அதை நம்பியும்விட்டாள். ‘எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை’ என்று ஒரு தடவை உங்கள் ஊழியரிடமே கேட்டாள். “அப்படியெல்லாம் அறிவியலில் இல்லம்மா” என்று அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். உண்மைதான், இல்லைதான். ஆனால் அவள் கேட்டது அறிவியல் கேள்வி இல்லையே. அந்தக் குற்ற உணர்வோடு ஐந்து நிமிஷம் உட்காரத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், குழந்தையிடம் எதைச் சொல்வது என்ற விஷயம். எங்கள் வீட்டில் மூடி மறைக்கத்தான் பார்த்தோம். அது தப்பு என்று எங்களிடம் ஒரு ஸ்வீடன் ஆய்வை எடுத்துச் சொன்னார்கள். தேடிப் படித்தேன். 2004-ல் வந்தது. சாகப்போகும் பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசிய பெற்றோரில் ஒருவர்கூடப் பின்னால் வருந்தவில்லை. பேசாதவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் வருந்தினார்கள். சரி. அப்படியானால் பேசாதவர்களில் பெரும்பாலோர் வருந்தவில்லை என்றும்தானே அர்த்தம்? நான் மறைக்கச் சொல்லி வாதாடவில்லை. எப்படியும் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். யார் சொல்வது, எப்போது, எந்த வார்த்தையில், பாட்டியை அறையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முதலில் எங்களைக் கேளுங்கள் என்கிறேன். அண்டை நாற்காலியில் இருக்கும் பதினொரு வயது அக்காளை மொழிபெயர்ப்பாளராக்கி, தம்பிக்கு நோய் திரும்பிவிட்டதை அம்மாவிடம் சொல்ல வைப்பதையாவது நிறுத்துங்கள். இதே வார்டில் அதையும் பார்த்தேன்.

சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருக்கிறீர்கள், அழகாக இருக்கிறது. ஒவ்வொரு விலங்குக்கும் கீழே நன்கொடையாளர் பெயர். பலூனோடு படம் எடுக்க வருகிறவர்கள் மொட்டைத் தலைப் பிள்ளைகளை முன்வரிசைக்குக் கூப்பிடுகிறார்கள். முடி முளைக்கத் தொடங்கிய என் மகனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். குணமாவது படத்துக்கு ஒத்துவரவில்லை போலும். ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்த பணம் ஒரு ஆலோசகரின் சம்பளத்துக்குக் கிடைக்காதா? மன்னியுங்கள், கோபம் வந்துவிட்டது. அந்த நன்கொடையாளர்களிடமே கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் மொழி தெரிந்த, முதல் நாளிலிருந்து கூடவே வரும் ஒரு மனநல ஆலோசகர். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள். ஆள் எடுக்க நாளாகும் என்றால், செலவில்லாத ஒன்றை நாளைக்கே தொடங்கலாம்: அந்தப் படிவத்தைப் பிள்ளையின் படுக்கையருகே வாசிக்காமல், கதவைச் சாத்திய ஓர் அறையில், அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். நியமனம் எப்போது என்று எழுத்தில் ஒரு பதில் கொடுத்தால், வார்டில் மற்ற பெற்றோரிடமும் காட்டுவேன். அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் சிகிச்சை பெறும் ஒரு பையனின் அப்பா