சாவியோடு வால்வையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் சாவியை எண்ணிக் கொடுக்கிறார்கள், மீட்டரைக் காட்டுகிறார்கள், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார்கள். தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் எங்கள் வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த கனெக்‌ஷன் பைப் கழன்றுகொண்டது. பைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை; அதன் முனையில் இருந்த பிளாஸ்டிக் நட்டுதான் விரிசல் விட்டு இரண்டாகப் போயிருந்தது. அந்தப் பைப்புக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும், சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகினால், உப்புப் படிந்து இறுகிக் கிடந்தது. என் கணவர் துண்டை வைத்து அழுத்த, தண்ணீர் அவர் முகத்திலேயே பீய்ச்சியது. நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு கேட் வால்வு. எதிலும் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஒன்றை மூடிவிட்டு “நின்றதா?” என்று கத்துவேன், கீழே இருந்து “இல்லை” என்று பதில் வரும். மற்றதெல்லாம் மூடியாகிவிட்டது. மிஞ்சிய ஒன்றில் சக்கரம் சும்மா சுற்றியதே தவிர, உள்ளே அடைப்பான் இறங்கவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர்தான் கைகொடுத்தார். குளியலறைக் குழாய்களை எல்லாம் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர் அந்தப் பக்கமும் பிரிந்து போனதால் இங்கே வேகம் தணிந்தது. அப்புறம் ஆங்கிள் காக்கில் எண்ணெய் விட்டு, பிளேயரால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து மூடினார். முரட்டுத்தனமாகத் திருகினால் காக்கே முறிந்து கையோடு வந்துவிடுமாம். அதற்கு முன் அவர் செய்த முதல் காரியம் மெயின் சுவிட்சை அணைத்தது. எக்ஸ்டென்ஷன் போர்டு தரையில் கிடந்தது.

10க்கு 10 அடி அறையில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் 235 லிட்டர். முறத்தால் அள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு புரியும்!

கேட் வால்வைத் திருகாமலே வருடக்கணக்கில் விட்டால் இப்படித்தான் மக்கர் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறந்தால் போதும், இறுகாது. புதிதாகப் போடுபவர்கள் பால் வால்வு (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை சுழன்று மூடும் வகை) போடலாம். கால் சுற்றில் மூடிவிடும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் கேட்டதும் வால்வை மாற்றிக் கொடுத்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாடியில் மற்ற குழாய்கள் இன்னும் பெயரில்லாமல்தான் நிற்கின்றன. எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று எழுத ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு பிரஷும் போதும். குடியிருப்போர் சங்கங்கள் இதைச் செய்யலாம். வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை ஃபேன், எத்தனை லைட் என்று எழுதுகிறோமே, அந்தப் பட்டியலில் வால்வு இருக்கும் இடத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு வாசகி