நித்யாவின் வேலை பற்றி

வில்லிவாக்கம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாரு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, கோயம்புத்தூரில் ஒரு ஹாலிடே கிளப், மாதம் 22,000, மேலே இன்சென்டிவ் என்று நீ மூச்சுவிடாமல் சொல்கிறாய். பதில் சொல்லப் போனை எடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி பேசினேன், அதையும் அழித்தேன். இது பேசி முடிகிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் தாளை எடுத்திருக்கிறேன். நாளைக் காலையில் ஸ்பீட் போஸ்டில் போட்டால் அவள் சேர வேண்டிய தேதிக்கு முன்னால் ராஜபாளையம் வந்துவிடும்.

முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். ஸ்கூல் ஆபீஸ் வேலை போன பிறகு டிராவல்ஸ் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அது டிராவல்ஸ் இல்லை. நித்யாவைக் கூப்பிடுகிறார்களே, அதே மாதிரி ஹாலிடே கிளப்தான், வருடா வருடம் சில நாள் விடுதியில் தங்குகிற மெம்பர்ஷிப்பை விற்கிற இடம். 14 மாதம் இருந்தேன். இவருக்கும் அப்போது சம்பளம் ஒழுங்காக வரவில்லை, வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. ஆனாலும் அது வேலையில் சேர்ந்ததற்குத்தான் காரணம். அத்தனை மாதம் அங்கேயே இருந்ததற்கு அது காரணம் ஆகாது.

முதல் நாளே எனக்கு வேறு பெயர் வைத்தார்கள். மீனாட்சி வேண்டாம், போனில் மோனிகா என்று சொல்லுங்கள் என்றார் மேனேஜர். அந்த அறையில் 12 பேர் இருந்தோம், ஒருத்திக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நாளைக்கு யாராவது தேடி வந்தால் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்வதற்குத்தான் அது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது.

இரண்டாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்த குடும்பங்கள் 20 பேரின் பெயரும் நம்பரும் எழுதச் சொன்னார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு, பழைய ஸ்கூல் டீச்சர்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். உன் பெயர் வந்தபோது கை நின்றுவிட்டது. உன்னை விட்டுவிட்டு வேறு யாரையோ எழுதினேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கிறது பாரு. தெரியாமல் செய்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

வேலை இப்படித்தான். மாலிலும் பெட்ரோல் பங்கிலும் பொருட்காட்சியிலும் "கூப்பன் எழுதிப் போடுங்கள், கார் பரிசு" என்று ஒரு பெட்டி இருக்குமே, அந்த நம்பர்கள்தான் எங்களிடம் வரும். "சார், லக்கி டிராவில் உங்கள் நம்பர் செலக்ட் ஆகியிருக்கிறது" என்போம். குலுக்கல் எதுவும் நடந்ததில்லை. யாருக்குப் போன் செய்தோமோ அவர்கள் எல்லோருமே செலக்ட் ஆனவர்கள்தான். பரிசை வாங்க ஞாயிற்றுக்கிழமை இன்ன ஹோட்டலுக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் பரிசு கிடையாது. ஏன் தெரியுமா? தனியாக வருகிறவர் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடுவார். இரண்டு பேரும் எதிரில் இருந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. கிரெடிட் கார்டு இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்வோம். பரிசு வாங்க வருகிறவருக்கு எதற்குக் கிரெடிட் கார்டு என்று திருப்பிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

கோவாவில் மூன்று இரவு இலவசம் என்று ஒரு வவுச்சர் கொடுப்போம். அதன் பின்பக்கத்தைப் படித்தால் பயணச் செலவு உங்களுடையது, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று "யூட்டிலிட்டி சார்ஜ்" முன்பணமாகக் கட்ட வேண்டும், சனி ஞாயிறு கிடையாது, ஆறு மாதத்தில் காலாவதி. நான் இருந்தவரை அதை வைத்துக்கொண்டு கோவா போய் வந்த ஒருவரையும் பார்க்கவில்லை.

மூன்று மாதம் போன் வேலை. அப்புறம் என்னை டேபிளுக்கு, அதாவது ஹோட்டலுக்கு வருகிறவர்களிடம் நேரில் பேசி விற்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். நன்றாகப் பேசுகிறேன் என்று பாராட்டி அனுப்பினார்கள், எனக்கும் அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் என்று கூப்பிட்டு மூன்று மணி நேரம் உட்கார வைப்போம். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த டேபிளிலாவது கார்டு தேய்த்துவிட்டால் எல்லோரும் எழுந்து கைதட்டுவோம். கடைசியாக எங்கே டூர் போனீர்கள், என்ன செலவாயிற்று என்று கேட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுவேன். அதை 20 வருடத்தால் பெருக்கி, விலைவாசியையும் ஏற்றி, கீழே வருகிற பெரிய தொகையை வட்டம் போடுவேன். பிறகு எங்கள் மெம்பர்ஷிப் நாலு லட்சம் என்பேன். அவர்கள் முகம் சுருங்கும்போது மேனேஜர் வந்து அதை அடித்துவிட்டு 1,25,000 என்று எழுதுவார். "இன்றைக்கு மட்டும்." மறுநாள் வந்து கேட்டாலும் அதே விலைதான்.

அந்த வெள்ளைத் தாளைத்தான் நீ கவனிக்க வேண்டும் பாரு. எந்த மாதமும் போகலாம், வேண்டாமென்றால் விற்றுவிடலாம், சாப்பாடு சேர்த்தி என்று நாங்கள் வாயால் சொன்னதெல்லாம் அதில்தான் கிறுக்கலாக இருக்கும். அவர்கள் எழுந்து போகும்போது அதைக் கையில் கொடுக்கவே மாட்டோம். கிழித்துவிட வேண்டும், அது உத்தரவு. அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எங்கள் பிரதிநிதி வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. அதாவது நான் அந்த மூன்று மணி நேரம் பேசியது எதுவுமே பேசப்படவில்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தப் பேச்சுக்காகத்தான்.

கணக்கை நேராகப் போட்டுப் பார். 1,25,000 கட்டியாயிற்று. வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம், ஏஎம்சி என்பார்கள், 9,500. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், அதையும் ஏற்றுவார்கள். ஏற்றாமலே இருந்தாலும் பத்து வருடத்துக்கு மொத்தம் 2,20,000. வருடத்துக்கு ஆறு இரவு என்றால் 60 இரவு. ஒரு இரவுக்கு 3,600 ரூபாய்க்கு மேல் வருகிறது, அதுவும் ஒரு வருடம்கூட விடாமல் ஆறு நாளும் ரூம் கிடைத்தால். சீசன் இல்லாத நாளில் ஏற்காட்டில் அதைவிடக் குறைவாக நல்ல ரூமே கிடைக்கும்.

இந்தத் தொழிலே முழுக்கத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டைப் பல பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்கு ஒரு வாரம் தங்கிக்கொள்வது 1960-களில் ஐரோப்பாவில் ஆரம்பித்த பழக்கம், டைம்ஷேர் என்பார்கள். இங்கேயும் சொந்தமாக விடுதி கட்டி நடத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் டைம்ஷேரை விற்கிற விதத்தில் மோசம் இருக்கிறது என்பதால்தான் ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள் வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம், அந்த 14 நாளில் ஒரு காசும் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ரத்து செய்ய 10 நாள் தருகிறார்கள். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. கம்பெனி ஒப்பந்தத்தில் தானாக ஏதாவது நாள் கணக்குப் போட்டிருந்தால் உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் போட்டிருந்தது, ஆனால் மெம்பர்ஷிப் கிட் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த நாள் தாண்டியிருக்கும்.

பெரம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டு பேரும் என்னை "மேடம், மேடம்" என்று கூப்பிட்டார்கள், எனக்கே கூச்சமாக இருந்தது. அவருடைய அம்மாவுக்கு 74 வயது. ஒரு தடவை மலை ரயிலில் ஏறி ஊட்டி பார்க்க வேண்டும், அதுவும் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும்போது என்று அந்தம்மாவுக்கு ஆசையாம். "மே மாசம் ரூம் கிடைக்குமா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். "தாராளமா கிடைக்கும் சார்" என்று இரண்டு தடவையும் சொன்னேன். அவருக்கு விற்றது வெள்ளை சீசன், கூட்டம் குறைந்த மாதங்களுக்கு மட்டும். மே மாதம் சிவப்பு, கூட்டம் அதிகமான சீசன். எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் அவர் போன் செய்தபோது உறுப்பினர் சேவையில் ஆள் இல்லாமல் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ரூம் இல்லை, உங்கள் சீசன் வேறு என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மோனிகா மேடம்தானே பேசுறீங்க? உங்க குரல் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். திட்டவில்லை. என்னிடம் நல்ல செய்தி ஏதோ இருக்கும் என்று நினைத்துத்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் "இல்லை சார், நான் வேறு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் நித்யா தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால், அந்த இன்சென்டிவை எங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஒருவர் ஏமாந்தது தெரிந்து ரத்து செய்ய வரும்போது, அவருக்குப் பணம் கிடைத்துவிடக் கூடாதே என்று நம் மனசே நினைக்க ஆரம்பித்துவிடும். எனக்கு அப்படி நினைப்பு வந்திருக்கிறது. அவர்கள் மெம்பர்களுக்குச் செய்ததைத்தான் எங்களுக்கும் செய்தார்கள். இன்டர்வியூவில் சொன்ன சம்பளம் வேறு, ஆர்டரில் இருந்தது வேறு. ஆர்டரில் இருந்த கம்பெனிப் பெயரே போர்டில் இருந்தது இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், விலகிய பிறகு அதைத் திரும்ப வாங்க ஐந்து வாரம் நடந்தேன்.

வேலையை விட்ட பிறகு பெரம்பூருக்குத் தேடிக்கொண்டு போனேன். கடையில் கூட்டம் இருந்தது, ஓரமாக நின்றேன். என் பெயர் மீனாட்சி, நான்தான் அன்று பேசியவள் என்று சொன்னேன். அவர் மனைவி உள்ளே எழுந்து போய்விட்டார். அவர் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலே போகலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இதெல்லாம் 2019 நுகர்வோர் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்தோம், கம்பெனி அசையவில்லை. அப்புறம் ஆணையத்தில் போட்டோம். டேபிளில் என்ன சொன்னேன், எந்தத் தாளைக் கிழித்தேன் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை.

நடுவில் அவருக்கு வேறு ஒரு போன் வந்திருக்கிறது. உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் கட்டணமும் வரியும் மட்டும் முதலில் கட்டுங்கள் என்று. நல்லவேளை என்னிடம் கேட்டார். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு செய்கிற இரண்டாவது கொள்ளை அது. மெக்சிகோவில் ஹலிஸ்கோ போதைக் கும்பலே அமெரிக்க முதியவர்களிடம் இதைச் செய்து பணம் பறித்தது, 2023-இல் அமெரிக்க அரசு அதற்குப் பயன்பட்ட கம்பெனிகள் மேல் தடை போட்டது. இங்கே மும்பையில் பான்கார்டு கிளப்ஸ் விடுதி அறை இரவுகளை முதலீடு மாதிரி விற்று, 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 7,000 கோடி ரூபாய் வாங்கிய பிறகுதான், முதலீடுகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபி தலையிட்டது. விலை ஏறும், லாபத்துக்கு விற்கலாம் என்று ரூமைப் பற்றி யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். உன் அண்ணனுக்கும் மதினிக்கும் இதைச் சொல்லிவை, அவர்களுக்குத்தான் இந்த மாதிரிப் போன் அடிக்கடி வரும்.

நித்யாவை நான் தடுத்ததாக இருக்க வேண்டாம். அவள் படித்த பெண், அவளே கேட்கட்டும். ஆர்டரில் உள்ள கம்பெனிப் பெயர் போர்டில் இருக்கிறதா? சொந்தப் பெயரில் பேசலாமா? கஸ்டமருக்கு நான் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா? ரத்தானால் என் சம்பளத்தில் பிடிப்பீர்களா? ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்கவே வேண்டாம், நகல் போதும். இதற்கெல்லாம் நேரான பதில் வந்தால் எனக்குச் சொல்லச் சொல், ஒரு வார்த்தையும் பேசாமல் ஒத்துக்கொள்கிறேன்.

வேலை இல்லாமல் அவள் வீட்டில் இருந்தால் உன் மாமியார் என்ன பேசுவார் என்று தெரியும். இங்கே நான் இப்போது கணக்கு எழுதுகிற ஹார்டுவேர் கடையில் பில்லிங்குக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறார் முதலாளியம்மா. 14,000தான். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், பின் அறை காலியாகத்தான் கிடக்கிறது. உனக்கு என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை என்னிடம் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு. அப்புறம் அவளையே எனக்குப் போன் செய்யச் சொல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

உன்,
மீனா