சேர்க்கையின் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டிய பணம்: கைமாற்று நிதிக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கும்பகோணம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஒரு கைமாற்று நிதியைத் தொடங்குகிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், இதே பள்ளிகளில் படித்து இன்று வேலையில் இருப்பவர்களும், வங்கி ஊழியர்கள் சிலரும் சேர்ந்த குழு எங்களுடையது. இந்த நிதிக்கு உங்கள் பங்கைக் கேட்டு எழுதுகிறோம். எதற்காகக் கேட்கிறோம், எப்படிச் செலவழிப்போம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறோம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

எங்களிடம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: "அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்கிறதே, நன்கொடை எதற்கு?" நியாயமான கேள்விதான். அரசு நிறையவே கொடுக்கிறது. பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்குரிய) உதவித்தொகை 1944இலேயே தொடங்கியது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்குச் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் மாணவிகளுக்காகப் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை. இவற்றுக்கெல்லாம் பலன் இல்லாமல் போகவில்லை. 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட கணக்கு) 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 சதவீதம்தான்.

ஆக, பணம் இல்லை என்பது எங்கள் வாதம் அல்ல. அது வேண்டிய நாளில் வருவதில்லை என்பதுதான்.

பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. அடுத்த சில வாரங்களில் விண்ணப்பம், கலந்தாய்வு, சீட் ஒதுக்கீடு எல்லாம் அடுத்தடுத்து நடக்கும். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தால் கல்லூரியில் போய்ச் சேரச் சில நாட்கள்தான் அவகாசம். அந்த நாட்களுக்குள் முதல் தவணைக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் அட்வான்ஸ், சீருடை, பொறியியல் என்றால் டிராஃப்டர் என்னும் வரைபடக் கருவி, ஆய்வகக் கோட்டு என்று வரிசையாக நிற்கும். உதவித்தொகையோ, கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்து, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் சரிபார்க்கப்பட்டு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, மாநிலப் பங்கு ஒரு வழியாகவும் மத்தியப் பங்கு இன்னொரு வழியாகவும் வந்து சேர வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது கைக்கு வரும்போது முதல் செமஸ்டர் தேர்வே முடிந்திருக்கிறது. வந்துவிடும் என்பது உறுதி. ஆனால் அதைக் காட்டிச் சேர்க்கை அலுவலகத்தில் தவணை கேட்க முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் இன்னொரு இடியும் உண்டு. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விட்டு, உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் கையில் இருப்பதையெல்லாம் வயலில் போட்டிருக்கும் நேரம் அது. அறுவடைப் பணத்தைப் புரட்டாசிக்கு முன்னால் பார்க்க முடியாது. நிலம் இல்லாத வீட்டில் நடவுக் கூலி வரும். அது அன்றாடச் சாப்பாட்டுக்குப் போய்விடும். திருபுவனத்தில் தறி நெய்பவருக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. நாச்சியார்கோவில் பட்டறைகளில் விளக்கு வார்ப்பவர்களுக்கும் ஆர்டரைப் பொறுத்துத்தான் வருமானம். வருடம் முழுவதும் கணக்குப் பார்த்தால் எப்படியோ சமாளித்துவிடக்கூடிய குடும்பம்கூட, ஜூன் ஜூலையில் ஒரே வாரத்துக்குள் பத்தாயிரம் பதினைந்தாயிரம் புரட்ட முடியாமல் தவிக்கும். அப்போது கை கொடுப்பது வாரத் தவணைக் குழுக்கடன்தான், இல்லாவிட்டால் அடகுக் கடை. பெண்ணின் படிப்புக்காக வைத்த நகையைப் பட்டம் வாங்கும் வரைக்கும் மீட்க முடியாமல் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை எங்களுக்குத் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். நான்கு நாட்களில் குடும்பமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பணத்தைத் திரட்டிவிட்டார்கள். ஆனால் நேரம் முடிவதற்குள் இணையத்தில் செலுத்த முடியவில்லை. இடம் போய்விட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசியலமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவின்கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. சேர்ந்துவிட்டால் கட்டணச் சலுகைகள் கிடைக்கக்கூடிய பிள்ளை அவன். ஐ.ஐ.டி.களில் பட்டியல் வகுப்பினருக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. வாசலைத் தாண்டத் தேவைப்பட்ட அந்த ஒரு தொகைக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளை எத்தனை பேரால் அப்படி ஏற முடியும்? பேசாமல் திருப்பூருக்கோ தியாகராய நகர் ஜவுளிக்கடைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் "பணம் தாமதமானதால் நின்றவர்" என்று எழுதப்படுவதில்லை. "விருப்பமில்லை", அவ்வளவுதான்.

எங்கள் வட்டாரத்திலேயே ஒன்றைச் சொல்கிறோம். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவிக்குச் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்தது. உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம், இப்போது முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வா என்றது நிர்வாகம். தகப்பனார் விவசாயக் கூலி. எங்களில் ஒருவர் காதில் விழுந்ததால் நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தோம். அந்தப் பெண் இன்று மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகை வந்ததும் அவளுடைய அம்மா பணத்தை ஒரு மஞ்சப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதையே மறு வருடம் இன்னொரு பையனுக்குக் கொடுத்தோம். யார் காதிலாவது விழுந்தால்தான் உதவி என்ற நிலை இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த நிதி.

நிதி செயல்படும் விதம் இதுதான். சேர்க்கைக்கோ விடுதிக்கோ தேர்வுக்கோ கட்ட வேண்டிய தொகையை, ஒருவருக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை, கல்லூரிக் கணக்குக்கே நேராகக் கட்டிவிடுவோம். வட்டி இல்லை. ஜாமீன் இல்லை. பத்திரத்தில் கையெழுத்தும் கிடையாது. உதவித்தொகை வந்த பிறகு குடும்பம் திருப்பித் தரும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும். உதவித்தொகை வரவே இல்லை, அல்லது படிப்பு பாதியில் நின்றுவிட்டது என்றால் அந்தத் தொகையை நன்கொடையாக எழுதிக்கொள்வோம். கேட்டுக்கொண்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க மாட்டோம். அப்படிக் குறைகிற பணத்தை ஈடுசெய்வதற்குத்தான் ஆண்டுதோறும் உங்களிடம் வருவோம்.

சேர்ந்த பிறகும் பள்ளம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவுக்காக முகூர்த்த நாட்களில் கேட்டரிங்காரர்களோடு பந்தி பரிமாறப் போகும் பையன்கள் நிறைய. இரவெல்லாம் மண்டபத்தில் நின்றுவிட்டு மறுநாள் வகுப்புக்கு வர மாட்டார்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விட, கண்டோனேஷன் கட்டணம் கட்டு என்பார்கள். பணம் இல்லாததால் வேலைக்குப் போனவனிடம், வேலைக்குப் போனதற்காகவே பணம் கேட்கிறது கல்லூரி. தேர்வுக் கட்டணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் அரியர். இரண்டு செமஸ்டர் அரியர் சேர்ந்தால் பிள்ளை மனதளவில் கல்லூரியை விட்டுவிடுகிறது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் அடைபடக்கூடிய இந்த ஓட்டைகளையும் எங்கள் நிதி அடைக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய கதையும் அல்ல. இங்கே டவுன் ஹைஸ்கூலில் படித்து முடித்த கணித மேதை ராமானுஜன், 1904இல் உதவித்தொகையோடுதான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியிருந்ததால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். புடவைக் கடையில் கணக்கு எழுதிய தகப்பனாரின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரையே போய்ப் பார்த்துக் கேட்டும் நடக்கவில்லை. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போனார் அந்தப் பதினேழு வயதுப் பையன். எட்டு ஆண்டுகள் கழித்து, 1913இல், பட்டம் இல்லாதவருக்கு விதியில் இடமில்லை என்றபோதும் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. அந்த உதவித்தொகைக்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். நடுவில் போன எட்டு ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்?

1919 ஜனவரியில், இங்கிலாந்தில் உடல் நலிந்திருந்த நேரத்தில், ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக முடிவு செய்திருந்தது. அவ்வளவு தனக்கு வேண்டாம், அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு இந்த ஊரில் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தோன்றவில்லை.

கல்லூரிகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கல்லூரிகளில் அறக்கட்டளைப் பரிசுகள் ஏராளம். தாத்தா பெயரில், ஆசிரியர் பெயரில் வைப்புத்தொகை போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் பதக்கம் தருகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பணம் எல்லாத் தடையையும் தாண்டி மேடை வரை வந்துவிட்டவரிடம் போகிறது. முதல் வாரத்திலேயே நின்றுவிட்டவருக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. பதக்கத்துக்கு வைப்புத்தொகை போட நினைப்பவர்கள் அதில் பாதியையாவது சேர்க்கைக் காலத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறோம். உதவித்தொகையின் முதல் தவணையைச் சேர்க்கைக்கு முன்பே விடுவிக்க வேண்டும் என்று அரசுக்கும் மனு கொடுக்கிறோம். அது நடந்துவிட்டால் எங்கள் நிதிக்குப் பாதி வேலை இருக்காது. அந்த நாள் வரட்டும், மகிழ்ச்சியாக வேறு வேலை பார்ப்போம்.

முதல் ஆண்டு இலக்கு 5 லட்சம் ரூபாய். 2,000 ரூபாய் தந்தால் ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்கு உதவும். 15,000 தந்தால் ஒருவர் கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பார். அது திரும்பி வந்தால் மறு வருடம் இன்னொருவர். மாதம் 200 ரூபாய் தர முடிகிறவர்களையும் அதே மதிப்போடு வரவேற்கிறோம். பணம் தர வசதியில்லாதவர்கள் ஜூன் மாதத்தில் ஒரு நாளைத் தாருங்கள்: இ-சேவை மையத்தில் கூட நின்று, முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்கவும் வங்கியில் ஆதாரை இணைக்கவும் ஆள் வேண்டும்.

உதவி பெறும் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ எங்கும் போட மாட்டோம். மேடையேற்றிக் காசோலை கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இருக்காது. நன்கொடை தருபவர் தம் சாதிப் பிள்ளைக்கு மட்டும், தம் தெருப் பிள்ளைக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தால் ஏற்க மாட்டோம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு தைப் பொங்கலுக்குப் பிறகும் தணிக்கை செய்யப்பட்டு, நன்கொடை தந்த எல்லோருக்கும் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடமிருந்து பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அது எங்களுக்கு இல்லை. அவர்கள் ஊரில் இருக்கும் உறவினர்களிடம் இந்த வேண்டுகோளைக் கொண்டுசேர்த்தால் அதுவே பெரிய உதவி. நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் உள்ள வரிச் சலுகைக்காக (80ஜி என்று பலரும் அறிந்தது) அறக்கட்டளையாகப் பதிவு செய்யும் வேலை நடக்கிறது. அது முடியும் வரை சலுகை உண்டென்று சொல்லி யாரிடமும் வாங்க மாட்டோம்.

குழுவின் கூட்டுக் கணக்கு விவரம், இந்த வேண்டுகோளை உங்களிடம் தந்த உறுப்பினரிடம் இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணைகள் வரத் தொடங்குவதற்கு முன்பே நிதி கையில் இருக்க வேண்டும் என்பதால், மே மாத இறுதிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். ரொக்கமாகத் தருபவர்கள் எண் போட்ட ரசீதை அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கைமாற்று நிதிக் குழுவினர்,
கும்பகோணம்