மகளுக்கு: இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நேற்று நீ உன் மொறிஸ் மைனர் காரின் நாலு சிலிண்டரிலும் அமுக்கம் அளந்து போனில் வாசித்த எண்களையும் இந்தத் தாளின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 155, 70, 65, 150. முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓரத்தில் உள்ள இரண்டும் நல்ல சுகம். நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. மொறிஸ் மைனரில் இப்படி எண் வந்தால் நான் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். எஞ்சின் புளொக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கஸ்கட் தகடு 2க்கும் 3க்கும் இடையில் எரிந்து வழி விட்டிருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ வேலையால் வந்து பொனெட்டைத் திறக்கும் நேரம் எனக்கு இங்கே படுக்கிற நேரம். கடிதம் என்றால் பக்கத்தில் வைத்து ஒயில் கையோடு புரட்டிப் பார்க்கலாம். ஒரு தரம் முழுக்க வாசித்துவிட்டு ஸ்பனரைத் தொடு.

முதலில் அந்த எண்களை உறுதிப்படுத்து. எஞ்சின் சூடாக இருந்ததா? நாலு பிளக்கையும் கழற்றினாயா, அல்லது ஒவ்வொன்றாகவா? அக்சிலரேற்றரை யாராவது அடிவரை மிதித்துப் பிடித்தார்களா? இதில் ஒன்று தவறினாலும் எண் பொய் சொல்லும். பிறகு 2இலும் 3இலும் பிளக் துவாரத்தால் ஒரு சின்னக் கரண்டி ஒயில் விட்டு மறுபடி அள. எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் வால்வு அல்லது கஸ்கட். அது எது என்று பிரித்தறிய காற்று விட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. 2ஆம் பிஸ்டனை வால்வு இரண்டும் மூடிய நிலையில் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துவாரத்தால் கொம்பிறஸர் காற்றைக் கொடுத்துக் காதை வை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். காற்று எஞ்சினைச் சுற்றிவிடும், பெல்ட் பக்கம் கையை வைக்காதே. காபரேற்றரில் சீறினால் இன்லெற் வால்வு. சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸோஸ்ற் வால்வு. ஒயில் விடும் வாயால் வந்தால் ரிங். பக்கத்து 3ஆம் துவாரத்தால் உன் விரலில் காற்று அடித்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ஏன் எப்போதும் 2க்கும் 3க்கும் இடையில் என்று கேட்டாய். இந்த எஞ்சினில் அந்த இரண்டு சிலிண்டருக்கும் புகை போக ஒரே வாசல்தான். இரண்டு எக்ஸோஸ்ற் வால்வும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நடுப்பகுதியைத்தான் கூடச் சுடவைக்கின்றன. அங்கே கஸ்கட் பிடித்து நிற்கும் இரும்போ ஒடுக்கமான ஒரு கீற்று.

சரி, அது விளங்கியது. எனக்கு யோசனை வேறு இடத்தில். ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது, கிழமைக்கு ஒரு தரம் விடுகிறேன் என்றும் சொன்னாய். 2க்கும் 3க்கும் இடையில் மட்டும் கஸ்கட் எரிந்திருந்தால் தண்ணீர் குறையாது மகள். அமுக்கம் ஒரு சிலிண்டரில் இருந்து மற்றதுக்குப் போகும், அவ்வளவுதான். அப்படியென்றால் எரிந்த வழி ஒரு தண்ணீர்த் துவாரம் வரைக்கும் போயிருக்க வேண்டும். அல்லது தண்ணீர் வேறு எங்கோ முதலில் போய், எஞ்சின் சூடேறி, அதனால் கஸ்கட் எரிந்திருக்க வேண்டும். இதில் எது என்று கண்டுபிடிக்காமல் புதுக் கஸ்கட் பூட்டாதே.

பார்க்கும் வழி லேசு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காலையில், ரேடியேற்றர் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் விடு. பேன் பெல்ட்டைக் கழற்றி விடு, பம்ப் சுற்றித் தண்ணீரைக் கலக்காமல் இருக்க. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடவிடாமல் வாயையே பார். சூடேறும் முன்னமே முட்டை முட்டையாகக் குமிழி வந்துகொண்டிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. அங்கே கடைகளில் நீல நிறத் திரவம் ஒன்று விற்பார்கள், ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்க. எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். அதையும் வாங்கிப் பார்க்கலாம். சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் திறக்காதே. என் வலது முழங்கையில் உள்ள தழும்பை நீ சின்னனில் தடவிப் பார்ப்பாய், நினைவிருக்கும்.

ஒயில் மூடியின் அடியில் வெள்ளைக் களி படிந்திருக்கிறது என்று பயந்தாய். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. குளிர் நாட்டில் கிட்டத்துக் கிட்டத்தில் ஓடும் காரில், எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் உள்ளே ஈரம் தங்கி அப்படிப் படியும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார். அதிலும் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று எடுக்க வேண்டும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

காரணத்தைத் தேடு என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு உனக்கு 11 வயது. யாழ்ப்பாணத்து முழுச் சனமும் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. எங்கள் மைனர் நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் நின்றுபோனது உனக்கு மறந்திருக்காது. நீ அதன் பின்னால் இருந்து தள்ளினாய். அப்பம்மா முன் சீற்றில் அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. மழை. கார் ஓர் அடி நகரும், நிற்கும், ஓர் அடி நகரும். எஞ்சின் மெதுவாகச் சுற்ற, பேனுக்குக் காற்று இழுக்கப் பலம் இல்லை. கொதித்தது.

அன்றைக்கு எல்லாரும் பெற்றோல் தடையைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அது உண்மைதான். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். அந்தத் ‘தட தட’ ஒவ்வொன்றும் கஸ்கட்டில் விழுகிற சுத்தியல் அடி. ஆனால் அந்தக் காரின் ரேடியேற்றர் பாதி அடைத்திருக்கிறது என்பது எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நீ கரண்டியால் சுரண்டுவாயே, அதே கல்தான் ரேடியேற்றர் குழாய்க்குள்ளும். மற்றவர்களின் காரைத் திருத்திக்கொண்டு எங்களுடையதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தேன்.

சாவகச்சேரியில் ஒரு மாமரத்துக்குக் கீழே ஹெட்டைக் கழற்றினேன். 2க்கும் 3க்கும் இடையில் நெருப்புக்குச்சி அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. புதுக் கஸ்கட் எங்கே கிடைக்கும்? கராஜில் கழற்றி வைத்த பழையது ஒன்றைச் சுத்தமாக்கி, அலுமினியப் பெயின்ற் பூசிப் பூட்டினேன். இரண்டு கிழமை ஓடியது. மறுபடி அதே இடத்தில் அதே கோடு. அப்போதுதான் ரேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்தேன். வெள்ளைக் கல்லும் துருவும் ஒரு சிரட்டை அளவுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு மழைத் தண்ணீரை வடித்துத்தான் விட்டேன். மூன்றாவதாகப் பூட்டியதும் பழைய கஸ்கட்தான். அது நாங்கள் திரும்பி வந்த பிறகும் ஓடியது.

ஆகவே ஹெட்டைக் கழற்றும் அன்றே ரேடியேற்றரையும் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் அடி. தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணிக்குள் போட்டுத் திறக்கிறதா என்று பார். உன் கார் பல வருஷம் ஷெட்டுக்குள் கிடந்தது என்றாய். எஞ்சின் புளொக்கின் பின்பக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஒன்றும் வராமல் இருக்கும். கம்பி விட்டுக் குத்து. சேறு எப்போதும் 4ஆம் சிலிண்டரைச் சுற்றித்தான் குந்தியிருக்கும்.

இனிக் கழற்றுவது. பேட்டரியின் ஏர்த் வயர் முதலில். மைனரில் பொசிற்றிவ் பக்கம்தான் ஏர்த். இடையில் யாரும் மாற்றியிருக்கவும் கூடும், பார்த்துச் செய். தண்ணீரை இறக்கு. காபரேற்றர், மனிபோல்ட், ஹோஸ், பிளக் வயர் எல்லாம் உனக்குத் தெரியும். வால்வுகளை அமுக்கித் திறக்கும் ரொக்கரைப் பிடிக்கும் நாலு சின்ன நட்டும், ஹெட்டைப் பிடிக்கும் ஒன்பது பெரிய நட்டும் இருக்கும். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதே. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்து. ரொக்கரைக் கீழிருந்து தள்ளும் எட்டுப் புஷ் ரொட்டையும் ஒரு காட்போட் பெட்டியில் துளை போட்டு எண் எழுதி வரிசையாகக் குத்தி வை. இழுக்கும்போது ஒவ்வொன்றையும் லேசாகத் திருகி இழு. இல்லாவிட்டால் அடியில் உள்ள ரப்பெற் என்ற சின்ன உருளை ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும்.

ஹெட் இலகுவில் எழும்பாது. ஸ்குறூ டிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பக் கூடாது. எவ்வளவு அவசரம் என்றாலும் கூடாது. அந்த ஒரு கீறல் உன்னைப் பட்டறைக்கு அனுப்பிவிடும். ஹெட் நட்டு ஏறும் ஸ்ரட் கம்பிகளைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடு. பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டு. நேராக மேலே தூக்க வேண்டும், இன்னொருவரையும் கூப்பிடு. வார்ப்பிரும்பு, உன் இடுப்பு முக்கியம்.

பழைய கஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதே, ஊதாதே. நனைத்து, முகமூடி போட்டு எடு. நாங்கள் அந்தக் காலத்தில் வாயால் ஊதினோம். நீ அப்படிச் செய்ய வேண்டாம்.

இரண்டு முகத்தையும் சுத்தமாக்கிய பிறகுதான் முக்கியமான வேலை. பட்டறைக்காரர் வைத்திருக்கும் தடித்த இரும்பு மட்டத்தை வாங்கி ஹெட்டின் மேல் நீளத்துக்கும் குறுக்கும் மூலைக்கு மூலையும் வை. அடியில் பீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்றை நாங்கள் ஒரு தௌ என்போம். என் கணக்கில் 3 தௌக்கு மேல் உள்ளே போனால் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். கொடுத்தால் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். புளொக்கின் முகத்தையும் இதே மாதிரிப் பார். பலர் ஹெட்டைச் சீவிவிட்டு புளொக்கை மறந்துவிடுவார்கள். ஸ்ரட் நிற்கும் துவாரத்தின் வாயை விரலால் தடவு. வருஷக்கணக்காக இழுபட்டு அந்த வாய் மேலே உப்பியிருக்கும். அது ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கும். ஸ்ரட்டைக் கழற்றி, அந்த உப்பலை மட்டும் எடுத்துவிட்டுப் பூட்டு.

இன்னொன்று. தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஹோஸ் இருக்கும். ஹெட் பூட்டியபடி அதை மாற்றுவது பெரிய பாடு. இப்போதே புதிது போடு. உன் தண்ணீர் போகும் வழி அதுவாகவும் இருக்கலாம். கிளிப்புக்கு அடியில் துருக்கறை தெரிகிறதா பார்.

கஸ்கட் வாங்கும்போது 1098 சிசி என்று சொல்லி வாங்கு. என்னுடையது 948, சிலிண்டர் வாய் சின்னன். கஸ்கட்டில் மேல்பக்கமும் முன்பக்கமும் அடித்திருக்கும். ஒன்றும் பூசாமல் காயவே வை.

இறுக்குவது நடு நட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே. முதல் சுற்று 20 றாத்தல் அடி, இரண்டாவது 30, மூன்றாவது 40. அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ரொக்கரின் சின்ன நட்டு 25. நான் கராஜில் கையாலேயே இறுக்கினேன். கைக்கு 40 பழகியிருந்தது. உனக்குப் பழகவில்லை, இறுக்கும் பலத்தைக் காட்டும் டோர்க் ரென்ச் எடு. புரி சுத்தமாக இருக்கட்டும், ஒரு சொட்டு ஒயில் விடு. துருப் புரியில் ரென்ச் 40 காட்டினாலும் ஹெட்டுக்கு அது போய்ச் சேராது.

வால்வு இடைவெளி 12 தௌ, ஆறிய எஞ்சினில். எட்டு வால்வு, எண்களைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும்: 8ஆவது முழுக்கத் திறந்து நிற்கும்போது 1ஐப் பார், 6ஆவது திறந்தால் 3ஐ. புது ஒயிலும், அன்ரிபிரீஸ் கலந்த தண்ணீரும் விட்டுச் சூடாக்கி, ஓர் இரவு ஆறவிட்டு, நட்டை மறுபடி அதே வரிசையில் 40 பார். நூறு மைல் ஓடியதும் இன்னொரு தரம். வால்வையும் திரும்ப அள. இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டதால் திரும்பி வந்த கார்கள் எத்தனையோ.

நீ இருக்கும் பேர்மிங்ஹாமில்தான் லோங்பிரிட்ஜ் இருக்கிறது. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக இந்த எஞ்சின் பிறந்த இடம். நான் வாழ்நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டியது அங்கிருந்து வந்த சாமான். தொழிற்சாலை 2005இல் மூடப்பட்டது என்று தெரியும். ஒரு நாள் அந்த வழியால் போனால் இறங்கி நின்று பார்த்துவிட்டு வா.

கராஜில் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னை, “போ, போய்ப் படி” என்று எத்தனை தரம் கலைத்திருப்பேன். நீ போகாமல் நின்றது இப்போது எனக்குப் பெரிய ஆறுதல்.

பழைய கஸ்கட்டை எறிந்துவிடாதே. நனைத்து, பொலித்தீன் பையில் போட்டு, பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. கறுப்புக் கோடு தண்ணீர்த் துவாரம் வரை போயிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புதியதைப் பூட்டாதே.

அம்மா சுகம். முருங்கை இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா