சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைப் படியுங்கள்

நீலகிரி மாவட்ட லாரி உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட், லைசென்ஸ் புதுப்பிப்பு என்று உங்கள் வண்டிகளின் காகிதங்கள் பலவும் என் மேசைக்கு வந்துதான் போகின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பும் டிரைவர்கள் உங்களிடம் வேலை கேட்டு வருவது பற்றியோ, சென்ற மாதம் அவர்களில் ஒருவருக்கு நேர்ந்தது பற்றியோ நான் விளக்க வேண்டியதில்லை. பேட்டா விவகாரமாகவே அதைப் பேசி முடித்துவிட்டீர்கள். அது அவ்வளவு சிறிய விஷயம் இல்லை என்பதால்தான் இந்த மடல்.

அந்த அண்ணன் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். ஊருக்கு வந்ததும் உங்களில் ஒருவரிடம் போய்ச் சவூதி லைசென்ஸ் அட்டையை நீட்டினார். முடிவுத் தேதியில் ஆண்டு 1447 என்று இருந்தது. “இது எந்தக் கடையில் அடித்தது?” என்று லோடுமேன்கள் முன்னிலையில் கேட்டுவிட்டு, அட்டையை மேசைமேல் எறிந்தார் அந்த உரிமையாளர். 1447 என்பது ஹிஜ்ரி ஆண்டு, இஸ்லாமிய நாட்காட்டிக் கணக்கு. நம் கணக்கில் 2025 ஜூன் கடைசியில் பிறந்தது. அந்த அட்டை செல்லுபடியில்தான் இருந்தது. நம் வீடுகளில் தொங்கும் தினசரி நாட்காட்டிகள் பலவற்றில் ஹிஜ்ரித் தேதியும் அச்சாகிறது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாலைவனச் சாலையில் நாற்பது அடி வண்டி ஓட்டிய மனிதர் போலி அட்டைக்காரர் என்ற பெயரோடு படியிறங்கினார்.

அதே வாரம் இன்னோர் உரிமையாளர் அவரைச் சேர்த்துக்கொண்டார். இவர் அட்டையைத் தொட்டே பார்க்கவில்லை. “ஹெவி வண்டி ஓட்டுவாயா?” “ஓட்டுவேன்.” அவ்வளவுதான் விசாரணை. இரவு கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் அனுப்பினார். வழியில் வாகனச் சோதனையில் வண்டி நின்றது. அண்ணனின் இந்திய லைசென்ஸ் அவர் சவூதியில் இருந்தபோதே காலாவதியாகியிருந்தது. வெளிநாட்டு அட்டையை வைத்து இங்கே சரக்கு லாரி ஓட்ட முடியாது. உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 181ஆம் பிரிவில் டிரைவருக்கு 5,000 ரூபாய், ஓட்ட விட்டதற்கு 180ஆம் பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய். இரண்டையும் டிரைவர் கணக்கில் எழுதினார் முதலாளி. அவர் ஓட்டிய நடைகளின் கூலியும் பேட்டாவும் அதிலேயே கழிந்தன. மீதிக்கு இப்போது மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் மேல் தவறே இல்லை என்று நான் வாதாடவில்லை. அவருடைய 5,000ஐ அவர் கட்டட்டும். 180ஆம் பிரிவு உரிமையாளருக்கென்றே எழுதப்பட்டது; அந்த 5,000 எப்படி ஐயா டிரைவர் தலையில் விழுந்தது? சாவி கொடுக்கும்போது பார்க்கத் தோன்றாத அட்டை, அபராத ரசீது வந்ததும் எப்படிக் குற்றச்சாட்டாக மாறியது?

நான் கேட்பது ஒன்றுதான். வேலை கொடுங்கள், மறுங்கள், அது உங்கள் உரிமை. அதற்கு முன் அட்டையைப் படியுங்கள். எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை, யார் கொடுத்தது என்று பாருங்கள். அரபு நாட்டு அட்டை என்றாலே ஹெவி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு டிரைவராகப் போனவரின் அட்டை கார் வகைக்கு மட்டுமே இருக்கும். அவரிடம் ஹெவி சாவியைக் கொடுப்பது, இந்த அண்ணனைப் போலி என்று துரத்துவதைவிடப் பெரிய ஆபத்து.

படித்திருந்தால் இந்த அண்ணனுக்கு வழி இருந்தது. சரக்கு வண்டிக்கான லைசென்ஸ் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு செல்லும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டுநர் தேர்வில் தேறித்தான் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அதே வகை வண்டிக்கு வெளிநாட்டில் பெற்ற உரிமத்தைக் கையில் வைத்திருப்பவர் மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்தால் தேர்வு தேவையில்லை என்கிறது. அந்த உரிமம் உயிரோடு இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதலில் பார்த்தவர் எறியாமல் படித்து, “இதை வைத்து இந்திய லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருந்தால், அந்த இரவு லோடே நடந்திருக்காது.

உங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி போவது சாலையின் வலப்பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். இங்கே அரவேணு தாண்டி குஞ்சப்பனைப் பக்கம் லோடோடு இறங்கும்போது, பள்ளத்தின் ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று வலப்பக்க இருக்கையிலிருந்து கணிக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். எந்த நாட்டு அட்டையும் இதற்குச் சான்று தராது. அதனால்தான் சொல்கிறேன், பழைய டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் காலி வண்டியிலும் பிறகு லோடோடும் பகலில் ஓட்டவைத்துப் பாருங்கள். அந்த நாட்களுக்கும் கூலி கொடுங்கள். அட்டையைப் பார், ஓட்டவைத்துப் பார், உரிமையாளருக்கு அது போதும், ஆர்.டி.ஓ. வரை போய் விசாரிக்க வேண்டியதில்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றமே 2003இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அவ்வளவுகூடச் செய்யாமல் வண்டியை அனுப்பி, வளைவில் எதிரே வந்த பஸ்ஸில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பி வசூலிக்கும். வண்டியை விற்றாலும் அடையாத கடன் அது. போன உயிருக்கு அதுவும் ஈடாகாது.

போலந்துக்கு லாரி ஓட்டப் போகலாம் என்று ஏஜென்டுகளிடம் பணம் கட்டிவிட்டு என் கடைக்கு வரும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கையில் இருப்பது ஓராண்டு செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரி ஓட்ட அந்த நாட்டு உரிமத்தில் ‘சி’ (லாரி) அல்லது ‘சிஇ’ (டிரெய்லர் இணைத்த லாரி) வகை வேண்டும். தொழில் தகுதிக்கான 95 என்ற குறியீடும் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. அங்கே ஒரு முதலாளி இத்தனையும் சரிபார்த்த பிறகுதான் வண்டியைத் தொட விடுகிறார். நம் பிள்ளைகள் போகும்போதும் ஏமாறுகிறார்கள், திரும்பி வந்தாலும் அவமானப்படுகிறார்கள். இதைக் கேட்க ஒரு சங்கம்கூட இல்லையா என்று ஆத்திரம் வருகிறது. மன்னியுங்கள், உங்களிடம் கேட்க வந்தது வேறு.

தயவுசெய்து அட்டையைப் படியுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வெளிநாட்டு லைசென்ஸோடு வருபவரிடம் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். உரிமையாளர் மேல் விழுந்த அபராதத்தை டிரைவரிடம் பிடிப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள். அந்த அண்ணனிடம் பிடித்த 5,000ஐத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவருடைய சவூதி அட்டைக்கு இன்னும் சில வாரமே உயிர் இருக்கிறது. 9ஆம் பிரிவில் விண்ணப்பம் போடுவதற்கான தாள்களை நான் தயார் செய்துவிட்டேன், அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவரைப் பகலில் ஒரு நடை ஓட்டவைத்துப் பார்க்க உங்களில் ஒருவர் முன்வந்தால் போதும். பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்