எஸ்டேட் சனங்களும் பேசுவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் நடப்பதாகச் சொல்லும் வெப் தொடருக்குச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். தொடரை நானும் முழுக்கப் பார்த்தேன். நடுவில் இழுவை, கொலைகாரன் யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது என்று உங்கள் விமர்சகர் எழுதியிருப்பது சரிதான். ஆனால் மலையில் நடக்கும் கதை என்பதால் வட்டார வழக்குத் தொல்லை இல்லாமல் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது என்று பாராட்டாக எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்களுக்கென்று ஒரு பேச்சு இல்லையா? கோத்தகிரி மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். படுகர்கள் தங்களுக்குள் படுக மொழியில் பேசிக்கொண்டே வந்து, விலை கேட்கும்போது தமிழுக்கு மாறுவார்கள். கூடலூர்ப் பக்கம் போனால் தமிழும் மலையாளமும் கலந்து வரும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் என்று அவரவருக்குத் தனி மொழி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்களைப் போன்றவர்களின் தமிழ் வேறு மாதிரி. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அந்தத் தொடரில் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கும் கிழவி சீரியல் மாமியார் போலப் பேசுகிறாள். அதுதான் உங்கள் விமர்சகருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது.

பேச்சு மட்டுமா? என் அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இடுப்பில் படங்கை, அந்தக் கெட்டித் துணியை, இறுக்கிக் கட்டாமல் செடிக்குள் இறங்கமாட்டார்; இறங்கினால் நனைந்த செடி சேலையைக் கிழித்துக் காலையும் கீறிவிடும். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிக்கொண்டே போவார். கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே முதுகுக் கூடைக்குள் எறிவார். தொடரில் வரும் பெண், மெல்லிய சேலையோடு நின்று முற்றின இலையை ஒவ்வொன்றாகப் பறித்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறாள். இப்போது பல தோட்டங்களில் இலை வெட்டும் கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. அதையாவது காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. அட்டைக் கடி இல்லை. எடை போடும் இடத்தில், இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கென்று கிலோக்கணக்கில் கழிக்கும்போது வரும் சண்டை இல்லை. அந்தச் சண்டை ஒன்றே ஒரு கதைக்குப் போதும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ரோட்டில் ஒரு பாட்டு எடுத்தார்கள். வேலை முடிந்து வந்த பெண்களை, கேமராவில் விழுகிறீர்கள் என்று சொல்லி, ஷாட் முடியும்வரை தூறலில் ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் கவாத்து வெட்டி வளர்த்த செடி திரையில் தெரியலாம், அவர்கள் தெரியக் கூடாது! எனக்கு அன்றைக்கே எழுதத் தோன்றியது.

படம்தானே, விடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். படத்துக்கு ஓர் இடத்தின் பெயரையே மாற்றும் பலம் உண்டு. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று இருந்தது 1991-ல் 'குணா' வந்த பிறகு குணா குகை ஆனது. 2006-ல் அங்கே குழிக்குள் விழுந்த இளைஞரை நண்பர் ஒருவர் இறங்கி மீட்டதை 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' காட்டியது. உடனே கூட்டம் அங்கே திரண்டது. இங்கே கேத்தி ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவ்வளவு பலம் உள்ளவர்கள் எங்களைக் கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. முதுமலை தெப்பக்காட்டில் யானைக்குட்டி வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அவர்கள் பேசுகிற மாதிரியேதான் அதில் பேசுகிறார்கள். 2023-ல் ஆஸ்கரே கொடுத்தார்கள். யாருக்கும் அந்தப் பேச்சு தொல்லையாக இருக்கவில்லை.

தங்கள் இதழ்மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு கோடை மலரில் கூடலூர்ப் படத்துக்குக் கீழே ஊட்டி என்று போட்டிருந்தீர்கள். எழுதினேன், பதில் வரவில்லை. இந்த மாவட்டத்தில் ஆறு தாலுகா இருக்கின்றன, ஐயா. ஊட்டி அதில் ஒன்று.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மலையில் நடக்கும் கதைக்கு விமர்சனம் போடும்போது, எங்கே எடுத்தது என்று கீழே ஒரு வரி சேருங்கள். நீலகிரி என்று சொன்ன இந்தத் தொடரை மூணாறில் எடுத்ததாகக் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டாம் சீசன் வரப்போகிறதாம். அதற்கு எழுதும்போதாவது இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
கோத்தகிரி.